சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ஜூலை 8, புதன்

புதன்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் நர்சம்மா இன்று ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தம்பி எத்தனை மணிக்குப் பால் குடித்தான், எத்தனை மில்லி, எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான், எத்தனை தடவை இரண்டுக்குப் போனான் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. எழுதியிருந்த தாள்களைக் கிழித்துவிட்டுக் கட்டம் போட்டேன்.

இது நோட்டின் கடைசிப் பக்கம். தலைகீழாகத் திருப்பினால் இதுதான் முதல் பக்கம். கட்டத்துக்குள் வராதவற்றை இங்கே எழுதுகிறேன். தம்பிக்கு இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்க நான்தான் எழுந்திருக்கிறேன். அந்நேரம் அப்பாவும் அத்தையும் நன்றாகத் தூங்குவார்கள், அப்போதுதான் இதை எழுத முடியும்.

தம்பிக்கு இருபத்தாறு நாள். அம்மா போய்ப் பத்தொன்பது நாள். தம்பிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

நர்சம்மா சொன்னது: முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி பவுடர். கரண்டியின் மேலே கத்தியால் வழித்துச் சமமாக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கலக்க வேண்டும். பால் புகட்டும் பாலாடையையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

அவர் சைக்கிள் திரும்புவதற்குள் ராமாயி அத்தை சொன்னார்: "கொதிச்சா மட்டும் பத்துமா? கசாயத்துக்கு வெக்கறாப்பல பாதியாச் சுண்டோணும். அப்பத்தான் தண்ணில இருக்கற கெட்டதெல்லாம் ஆவியாப் போவும்."

அத்தை அப்பாவின் அக்கா. ராசிபுரத்துப் பக்கம் தறி ஓட்டுகிறார். அம்மா போன அன்று வந்தவர் இன்னும் போகவில்லை. இன்று சாப்பிடும்போது அப்பாவிடம் பேச்சை எடுத்தார்.

"ஏன்டா செங்கோடா, ஆடி முடிஞ்சதும் கொழந்தைய நான் தூக்கிட்டுப் போறேன். பத்தாவது படிக்கிற புள்ள எப்பிடிப் பாக்கும்? பரீச்சைக்குப் படிக்குமா, பீத்துணி அலசுமா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் பாத்துக்குவனுங்க அத்தை," என்றேன்.

"பாப்ப, பாப்ப. ஒரு சளி புடிச்சா ஓடி ஒளிஞ்சுக்குவ."

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆடி முடியட்டும்க்கா. அதுவரைக்கும் கௌசி பாக்கட்டும். பாத்துட்டுச் சொல்லலாம்."

அதனால் ஆடி முடியும்வரை ஒரு தப்பும் நடக்கக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அத்தை பால் கொடுப்பார். ஆனால் தண்ணீர் என் வேலை. காலையில் ஒரு பிளாஸ்க், இரவில் ஒரு பிளாஸ்க்.

ஜூலை 10

பால் ஏழு தடவை. ஒன்றுக்கு ஒன்பது. தமிழ்த் தேர்வு இருந்தது. எழுதினேன்.

ஜூலை 12, ஞாயிறு

குழாயில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. அணை திறந்துவிட்டார்களாம். ஆறு நாளைக்கு ஒருமுறைதான் எங்கள் பண்ணை முக்குக் குழாயில் காவேரித் தண்ணீர் வரும். இன்று வந்தது டீ மாதிரி இருந்தது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் சந்தோஷம். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "காவேரித் தாயி மஞ்சப் பூசிக் குளிச்சுட்டு வந்துருக்கா பாரு," என்றார். பின்னால் நின்ற ஒரு அக்கா, "பூசுனது பத்தலைனு கொஞ்சம் சேறும் அப்பிட்டு வந்துருக்கா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை பானைக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தார். சாயந்திரம் பார்த்தால் மேலே தெளிந்திருந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். அதைத்தான் வீட்டில் எல்லோரும் குடித்தோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் தம்பியின் பாத்திரத்தில் ஊற்றப் போனபோது கை நின்றுவிட்டது.

எங்கள் வீடு அப்பா வேலை பார்க்கும் கோழிப்பண்ணைக்குள் இருக்கிறது. ஒரே அறை, சிமெண்ட் ஓடு. வீட்டுக்குப் பின்னால் எருக்குவியல். அதற்கு அடுத்துப் பழைய ஆழ்துளைக் கிணறு, போர் என்போம். எந்நேரமும் தண்ணீர் வரும். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் தெளிய வைத்த குழாய்த் தண்ணீர், ஒன்றில் போர்த் தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் தூசி மிதந்தது. போர்த் தண்ணீர் இருந்த டம்ளர் காலி டம்ளர் மாதிரி இருந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை, நாற்றமும் இல்லை.

போர்த் தண்ணீரைத்தான் பாத்திரத்தில் ஊற்றினேன். பாத்திரத்தின் பாதியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு பாதியாகச் சுண்டும்வரை அடுப்பின் பக்கத்திலேயே நின்றேன்.

அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் காவேரித் தாயைக் குறை சொல்லிவிட்டேன் என்பார். அம்மா அந்த போரில் துணி மட்டும்தான் துவைப்பார். அம்மாவின் அந்தத் துணிகளையும் நான் அங்கேதான் அலசினேன். அதை இப்போது எழுதப் போவதில்லை.

ஜூலை 15, புதன்

நர்சம்மா வந்தார். எடை கூடியிருக்கிறது. நோட்டைப் பார்த்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்குதே," என்றார்.

"தண்ணி எந்தத் தண்ணி கண்ணு? பைப்பு தண்ணிதான?"

"ஆமாங்க."

"காய்ச்சிதான?"

"பாதியாச் சுண்ட வெக்கறமுங்க."

"அவ்வளவெல்லாம் வேண்டாம், கொதி வந்தாப் போதும்," என்றார். அத்தை அவருக்குப் பின்னால் நின்று, ஆகட்டும் என்பதுபோல் தலையாட்டினார். அவர் போனதும், "கேஸு செலவாகுதுனு சொல்லுது அந்தம்மா. நீ சுண்டவே வையி," என்றார்.

ஆமாங்க என்று சொன்னது ஒரு சொல். போன ஞாயிறுக்கு முன்னால் அது உண்மை.

ஜூலை 17, வெள்ளி

ஆடி ஒன்று. எல்லா வீட்டிலும் தேங்காய் சுட்டார்கள். வாசம் வந்தது. எங்கள் வீட்டில் இல்லை.

பால் எட்டு தடவை. தம்பி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். விரலை எடுக்க இருபது நிமிடம் ஆனது.

ஜூலை 19, ஞாயிறு

தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் கோட்டுக்குக் கீழே வெள்ளையாகப் படிகிறது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. புளி வைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. கெட்டதெல்லாம் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு நல்லது மட்டும் தண்ணீரில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

குழாய்த் தண்ணீர் நேற்று வந்தது. இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21

பால் கொடுக்கும்போது பார்த்தேன். தம்பியின் நகங்கள் ஒரு மாதிரி இருக்கின்றன. உதட்டைச் சுற்றியும். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே நீலமாகத்தான் தெரியும். என் கையையும் வைத்துப் பார்த்தேன். என் நகம் அப்படித் தெரியவில்லை. என் நகம் பெரியது, அதனால் இருக்கலாம்.

ஜூலை 22, புதன்

காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. மதியம் நர்சம்மா வரும் நாள். அவருக்கு முகாம் இருக்கிறதாம், அடுத்த வாரம் வருவார்.

அத்தையும் பார்த்துவிட்டார். "என்ன புள்ள, ஒதடு கன்னிப்போன மாதிரி இருக்குது?"

"குளுருங்க அத்தை. ஆடிக் காத்து."

"கண்ணுதான் பட்டுருக்கோணும். தாயில்லாத புள்ளைனு பாக்க வந்தவளுக எல்லாம் உச்சுக்கொட்டிட்டுப் போனாளுகல்ல."

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. "பாரு, அத்தன கண்ணு," என்றார். வெயில் வரும்போது தம்பிக்குத் தொப்பி போட்டு, கையுறை போட்டு வெளியே வைத்திருந்தோம். கையுறையை நான்தான் தேடி எடுத்துப் போட்டேன். நகம் தெரியாது.

ஜூலை 23

இரண்டுக்கு ஆறு தடவை, தண்ணீராக. முன்பக்கக் கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். ஆடி முடிய இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது.

ஜூலை 24, வெள்ளி

பால் ஐந்து தடவைதான். கட்டத்தில் ஏழு.

ஜூலை 25, சனி

பண்ணைக்குப் புதுக் குஞ்சுகள் வந்திருக்கின்றன. எட்டாயிரம். அப்பா ராத்திரி எட்டு மணிக்குத்தான் சாப்பிட வந்தார். பேசிக்கொண்டே சாப்பிட்டார். அம்மா போன பிறகு அவர் இவ்வளவு பேசியதில்லை.

"குஞ்சு செட்டுக்குத் தண்ணி பத்தலக்கா. மேல் காட்டு போர்ல இருந்து இருநூறு அடிக்கு ஓஸ் இழுத்துருக்கறோம்."

அத்தை கேட்டார்: "ஏன், இங்கதான் கொல்லையில போர் இருக்குதே. எந்நேரமும் கொட்டுது."

"அதா? அந்தத் தண்ணியக் குஞ்சுக்குக் குடுக்கறதில்ல. மூணு வருசத்துக்கு முன்னால டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. ஆகாதுன்னுட்டாங்க. குடுத்தா அத்தனையும் சுருண்டு போயிருமாம். கழுவறதுக்கு மட்டுந்தான்."

"கோழிக்கு இருக்கற கவனிப்பப் பாரு," என்று அத்தை சிரித்தார். "நமக்கு ஆராவது தண்ணிய டெஸ்ட் பண்றாங்களா?"

நான் குழம்பை ஊற்றினேன். அப்பாவின் தட்டில் இல்லை, தரையில் ஊற்றிவிட்டேன்.

"தூக்கமா சாமி?" என்றார் அப்பா.

"ஆமாங்ப்பா."

துடைத்தேன். பிறகு தட்டுகளைக் கழுவினேன். பிறகு தம்பிக்குத் தண்ணீர் காய்ச்சும் நேரம். குழாய்த் தண்ணீர்ப் பானையில் அடி வண்டல்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறதாம். திங்கட்கிழமை வருமாம்.

போர்த் தண்ணீரையே வைத்தேன். பாதி போதாது என்று தோன்றியது. கால் ஆகும்வரை சுண்ட வைத்தேன். நான்கு தடவை ஊற்றிச் சுண்ட வைத்த பிறகுதான் பிளாஸ்க் நிறைந்தது. அத்தை புரண்டு படுத்துக்கொண்டு, "இன்னுமா காய்ச்சற?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சுண்டட்டுங்க அத்தை."

"கெட்டிக்காரி," என்றார்.

ஜூலை 26, ஞாயிறு

தம்பி அதிகம் அழுவதில்லை. அழுதாலும் சத்தம் மெல்ல வருகிறது. முகம் சாம்பல் மாதிரி இருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமையும் குஞ்சு செட்டிலேயே இருக்கிறார். அத்தை நாளைக்குப் பூசாரியிடம் கூட்டிப் போகலாம் என்கிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை வேலை செய்கிறது. துணி துவைத்தேன், கணக்குப் பாடம் போட்டேன்.

அம்மா விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாவது நாள், ஜூன் 18 ராத்திரி, அம்மா என்னை எழுப்பினார். "கௌசி, கொஞ்சம் தண்ணி குடு சாமி." கொடுத்தேன். துணி மாற்ற வேண்டும் என்றார். மாற்றினேன். துணி கனமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் இன்னொன்று. "அப்பாவ எழுப்பட்டுங்களாம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம், பகலெல்லாம் மூட்டை தூக்கிட்டு வந்து தூங்கறாரு. பயந்துக்குவாரு. கொழந்த பொறந்தா இப்பிடித்தான் இருக்கும். நீ ஆருகிட்டயும் சொல்லாத," என்றார். நான் சொல்லவில்லை. ஐந்து துணிகளையும் கொல்லை போரில் அலசிப் போட்டேன். விடிந்து பார்த்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. துணியெல்லாம் சுத்தமாகக் காய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு போயிருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஐந்து துணி.

எழுதியும் அழுகை வரவில்லை.

ஜூலை 27, திங்கள். ஆஸ்பத்திரி வராந்தா

இன்று மூன்றாவது பீரியடு அறிவியல். சார் ஒரு பீங்கான் கிண்ணத்தில் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தார். தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் கிண்ணத்தில் வெள்ளையாகப் படிந்தது.

"தண்ணிதான் ஆவியாப் போச்சு. கரைஞ்சிருந்தது எங்க போச்சு?" என்று கேட்டார்.

"எங்கயும் போகல சார்," என்று எல்லோரும் கத்தினார்கள்.

"பாதி தண்ணி போனப்ப நாக்குல வெச்சிருந்தா எப்பிடி இருந்திருக்கும்?"

"ரெட்டிப்பா கரிச்சிருக்கும் சார்."

நான் எழுந்து நின்றேன். சார் என்னைப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது சந்தேகமா?" என்றார். சந்தேகம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரோ பின்னால் கூப்பிட்டார்கள். மூன்று கிலோமீட்டர். ஓடினேனா நடந்தேனா என்று நினைவில்லை.

வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தம்பி பால் குடிக்காமல் கண்ணைச் செருகிவிட்டான் என்று அத்தை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். நானும் ஏறிக்கொண்டேன். பள்ளிக்கூடப் பையில் தம்பியின் நோட்டு இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் குழந்தையின் பெயரைக் கேட்டார். அப்பா விழித்தார். "பேர் வெக்கலீங்க." "அம்மா பேரு?" "பரிமளா." தம்பியின் கையில் ஒட்டிய சீட்டில் 'பரிமளா குழந்தை' என்று எழுதினார்கள். அம்மா இருக்கிற மாதிரி எழுதியிருந்தது.

மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். தம்பியின் ரத்தத்தை ஊசியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரத்தம் சிவப்பாக இல்லை. காப்பி டிக்காஷன் மாதிரி இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஆட்டிப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. உடனே திரும்பினார்.

"குழந்தைக்கு என்ன தண்ணி குடுக்கறீங்க? கிணறா? போரா?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "போரெல்லாம் இல்லீங்க. காவேரித் தண்ணி. அதையும் பாதியாச் சுண்டக் காய்ச்சித்தான் குடுத்தோம். தண்ணில மட்டும் கொற சொல்லாதீங்க. எங்க புள்ள படிச்ச புள்ள, பாத்துப் பாத்துச் செஞ்சுது."

"கண்டிப்பா பைப் தண்ணிதானா?"

"நானே குடத்துல புடிச்சுட்டு வந்தனுங்க," என்றார் அத்தை. அப்பாவும் தலையாட்டினார்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் தாளில் இருந்த சொட்டையே பார்த்தார். "அப்ப அதுவா இருக்காது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "ஹார்ட்ல ஏதாவது இருக்கலாம். சேலம் அனுப்பிடலாம். எப்ப இருந்து கலர் மாறுச்சு? மோஷன் எப்பிடி? ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"நோட்டே போட்டு வெச்சிருக்குதுங்க," என்றார் அத்தை பெருமையாக. "எடு கண்ணு."

எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா கட்டங்களைப் புரட்டினார். மூன்று, மூன்று, ஏழு, ஏழு. "இதுல எல்லாம் நார்மலாத்தான் இருக்கு," என்றார். நோட்டை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். வாய் திறக்க முயன்றேன். அம்மா ஆருகிட்டயும் சொல்லாத என்று சொன்னபோது எப்படி மூடிக்கொண்டதோ அப்படியே இருந்தது வாய். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்துவிட்டார். அப்பா தம்பியின் துணிப்பையை எடுத்தார்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பி டாக்டரம்மாவின் கையில் வைத்தேன்.

"இது என்ன?"

விரலால் முதல் வரியைக் காட்டினேன். அவர் படித்தார். முதலில் நின்றபடி படித்தார். டம்ளர் பக்கம் வந்தபோது கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார். "கால் பங்கா," என்று ஒருமுறை சொன்னார். பிறகு ஸ்ட்ரெச்சர்காரரைப் பார்த்து, "வேண்டாம், நிறுத்துங்க," என்றார். நர்சிடம் ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லி ஓடச் சொன்னார்.

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். நோட்டு அவரிடமே இருக்கிறது, இதைக் கணக்கு நோட்டின் தாளில் எழுதுகிறேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜூன் 18-ம் அதில்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஜூலை 29, புதன்

திங்கட்கிழமை கொடுத்த மருந்து பேனா மை மாதிரி நீலம். ஊசியில் ஏற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீலமாகிப்போன பிள்ளைக்கு நீல மருந்து. ஒரு மணி நேரத்தில் உதடு உதடு மாதிரி ஆனது என்று அப்பா வந்து சொன்னார்.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். எருவில் இருந்து ஒரு உப்பு மண்ணுக்குள் இறங்கி போர்த் தண்ணீரில் கலக்கிறது. நைட்ரேட் என்று பெயர். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. "கொதிக்க வெச்சா சாகறதுக்கு அது கிருமி இல்ல. தண்ணி குறையக் குறைய அது அதிகமாகும். பெரியவங்க உடம்பு தாங்கிடும். பச்சைக் குழந்தையோட ரத்தம் தாங்காது. கலங்கல் தண்ணி கண்ணுக்கு அசிங்கமா இருக்கும். தெளிய வெச்சு, வடிகட்டி, ஒரு கொதி விட்டு எறக்கினாப் போதும்."

அப்பா என்னைப் பார்த்தார்.

அத்தை கேட்டார். "ஏன் புள்ள, போர்ல புடிச்சியா? எங்கிட்ட ஒரு வார்த்த..." என்று தொடங்கிக் கையை ஓங்கினார். ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "சுண்டச் சொன்னது நானுங்க டாக்டரு. அந்தம்மா வேண்டாம்னு சொன்னப்பவும் சுண்ட வையினு சொன்னவ நான். இவ ஒருத்தி மேல எழுதிப் போடாதீங்க."

"யார் மேலயும் எழுதல. தண்ணி மேலதான் எழுதியிருக்கேன்," என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் போன பிறகு நோட்டை என்னிடம் கொடுத்தார். "முழுசும் படிச்சேன்," என்றார். "வைத்தியத்துக்கு வேண்டியத மட்டும் கேஸ் ஷீட்ல எழுதிக்கிட்டேன்." என் பையின் அறுந்த வாரைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 30

ஒன்றுக்கு எட்டு தடவை. பச்சையாகப் போகிறான். மருந்து வெளியே போகிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். துணியெல்லாம் பச்சைக் கறை. அத்தை அலசிக்கொண்டே, "கிளிப்புள்ள பெத்துருக்கறா எங்க பரிமளா," என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவின் பெயரை அத்தை சொல்லி நான் கேட்டு நாற்பது நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 1, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கொல்லை போர்க் குழாயில் அப்பா சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பண்ணைக்காரரிடம் சொல்லி, மேல் காட்டு போரில் இருந்து குஞ்சுகளுக்குப் போகிற ஓஸில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிளை விட்டிருக்கிறார். அதையும் தம்பிக்குக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தத் தண்ணீரை டெஸ்ட் செய்தது கோழிக்குத்தான், குழந்தைக்கு இல்லை. நர்சம்மா பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். முடிவு வரும்வரை குழாய்த் தண்ணீர்தான். அவரிடம் தண்ணீர் விஷயத்தை முழுக்க நானே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "நான் கொல்லைப் பக்கம் ஒரு தடவ போய்ப் பாத்திருக்கோணும்," என்றார்.

ராத்திரி அத்தை மறுபடியும் பேச்சை எடுத்தார். முன்பு மாதிரி சத்தமாக இல்லை. "என்னடா செங்கோடா, என்ன சொல்ற? நான் தூக்கிட்டுப் போகட்டுமா?"

அப்பா தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ராசிபுரத்துக்குப் போனாலும் அங்கயும் ஒரு தண்ணியப் பாத்துத்தான கலக்கோணும்? நம்ம மூணு பேர்ல இப்ப அதப் பாக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். இங்கயே இருக்கட்டும்க்கா."

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்ததா என்று தெரியவில்லை. அப்பா இந்த நோட்டைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?

ஆகஸ்ட் 3, திங்கள். ஆடிப் பதினெட்டு

இதை நோட்டில் எழுதவில்லை. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. இன்னும் கலங்கல்தான். தெருவில் எல்லோரும் குடத்துக்குப் பொட்டு வைத்தார்கள். அத்தை எங்கள் குடத்துக்கு வைக்கவில்லை, தண்ணீரை மட்டும் பிடித்துவந்து தேத்தாங்கொட்டை தேய்த்து வைத்தார். சாயந்திரம் தெளிந்ததும் மேல்தண்ணீரை வெள்ளைத் துணியில் நான்கு மடிப்பு மடித்து வடித்தேன். அடுப்பில் வைத்தேன். கொதி வந்தது. என் கை அடுப்பை அணைக்கப் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அத்தை வந்து அடுப்பை அணைத்தார். "போதும் அம்மிணி. எறக்கு."

தம்பி எல்லாவற்றையும் குடித்தான். நகத்தைப் பார்த்தேன். என் நகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம்.

இரண்டு மணிப் பாலுக்கு எழுந்தபோது அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். பால் கொடுத்து முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்ததையும் பார்த்தார்.

"தெனமும் என்ன சாமி எழுதற?"

"தண்ணி பத்திங்ப்பா."

"தண்ணியத்தான் டாக்டரம்மா படிச்சுட்டாங்களே."

தம்பியின் துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"வேற என்ன?"

தம்பி என் மடியில் இருந்தான். அவன் கையில் ஒட்டிய சீட்டை இன்னும் எடுக்கவில்லை. எழுத்து அழிந்துவிட்டது. பரிமளா மட்டும் தெரிகிறது.

ஜூலை 26 பக்கத்தைத் திருப்பி அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அப்பா ஐந்தாவதுவரை படித்தவர். விரலை வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதடு அசைகிறது. விரல் மெதுவாகப் போகிறது. இப்போது அம்மா தண்ணீர் கேட்கிற இடத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

விரல் நின்றுவிட்டது. மறுபடியும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போகிறது.

நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.